பிளஸ் டூ முடிச்ச தம்பி: ஒரு வேலையைப் பத்தி, அதுல சேருறதுக்கு முன்னாடியே எப்படி விசாரிக்கிறது?

வைப்பாற்றங்கரை | மே 10

எல்லாருக்கும் வணக்கம். சாத்தூர் பக்கம் கிராமம். தம்பி அரசுப் பள்ளியில பயோ-மேத்ஸ் குரூப். இப்பத்தான் பிளஸ் டூ ரிசல்ட் வந்துச்சு, இன்ஜினியரிங் கட் ஆஃப் 171. அப்பா தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்கு எழுதுறார். வீட்ல முதல் டிகிரி நான்தான். பி.காம் முடிச்சிட்டு சிவகாசியில ஒரு ஆஃப்செட் பிரஸ்ல பில்லிங் பாக்குறேன்.

ரிசல்ட் வந்ததுல இருந்து ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. சித்தப்பா கண்ணை மூடிக்கிட்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் போடுங்கிறார். மாமா மெர்ச்சன்ட் நேவிங்கிறார், அவருக்குத் தெரிஞ்ச ஏஜென்ட் ஒருத்தர் இருக்காராம். டியூஷன் சார் சிஏ படிக்கட்டும்ங்கிறார். தம்பி யூடியூப்ல பாத்துட்டு ஃபுட் டெக்னாலஜின்னான், அடுத்த நாளே "நீயே சொல்லுக்கா"ன்னுட்டான்.

எது நல்ல படிப்புன்னு நான் கேக்கல. அதைச் சொல்ல எங்க தெருவுலயே ஆள் இருக்கு. ஒரு வேலை உள்ள எப்படி இருக்கும்னு வெளிய நின்னுக்கிட்டே தெரிஞ்சுக்க என்ன வழி? எங்க சொந்தத்துல இந்த நாலு வேலையிலயும் யாரும் இல்ல.

தணிக்கைத்தாள் | மே 10

அக்கா, நான் மதுரை. சிஏ இன்டர் முடிச்சு ஆர்டிகிள்ஷிப்ல, அதாவது ஒரு ஆடிட்டர்கிட்ட பயிற்சியில இருக்கேன், அதனால சிஏ பத்தி மட்டும் சொல்றேன்.

எந்த குரூப் படிச்சவங்களும் ஃபவுண்டேஷன் எழுதலாம். நாலு பேப்பர், ஒவ்வொண்ணுலயும் 40, மொத்தத்துல 50 சதவீதம் எடுக்கணும். பிறகு இன்டர் ஆறு பேப்பர், ரெண்டு வருஷம் ஆர்டிகிள்ஷிப், ஃபைனல் ஆறு பேப்பர். 2023-ல புதுத் திட்டம் வர்ற வரைக்கும் ஆர்டிகிள்ஷிப் மூணு வருஷமா இருந்துச்சு. இதெல்லாம் எந்த வீடியோவுலயும் கிடைக்கும். அந்த ரெண்டு வருஷம் எப்படிப் போகும்னுதான் யாரும் சொல்ல மாட்டாங்க.

மார்ச் கடைசியில ஸ்பின்னிங் மில்லுக்கு ஸ்டாக் எடுக்கப் போவோம். குடோன்ல பஞ்சு பேல் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும், ஒரு பேல் சுமாரா 170 கிலோ. லாட் நம்பரைப் பாத்து அடுக்கு அடுக்கா எண்ணி, ரிஜிஸ்டரோட ஒப்பிட்டு, இடிச்சா ஸ்டோர் கீப்பரைக் கூப்பிட்டுக் கேட்டு, மறுபடி எண்ணணும். மூக்கெல்லாம் பஞ்சு ஏறிரும். ஏப்ரல்ல பேங்க் பிராஞ்ச் ஆடிட். மாசாமாசம் 11-ம் தேதியும் 20-ம் தேதியும் ஜிஎஸ்டி. செப்டம்பர் 30 டாக்ஸ் ஆடிட் ரிப்போர்ட்டுக்குக் கடைசி நாள், அந்த மாசம் வீட்ல சாப்பிடுறதே அபூர்வம்.

எனக்கு இந்த வேலை ரொம்பப் பிடிக்கும். கணக்கு இடிக்கிற இடத்துல நின்னு, ஏன் இடிக்குதுன்னு பிடிக்கிறப்ப வர்ற சந்தோஷம் வேற எதுலயும் எனக்கு வந்ததில்ல. தம்பிக்கு அது இருக்கான்னு நாலு வரி எழுதி யாரும் சொல்லிர முடியாது. உங்க பிரஸ்ஸுக்கு ஒரு ஆடிட்டர் இருப்பார்ல? அவர்கிட்ட கேட்டு ஒரு நாள் முழுக்க அவர் ஆபீஸ்ல உக்கார வைங்க. கிளையன்ட் ஃபைலைக் காட்ட மாட்டாங்க, காட்டவும் கூடாது. ஆபீஸ் நடக்குற விதத்தைப் பாத்தாலே அவனுக்கு ஓரளவு பிடிபடும்.

கப்பலடி | மே 10

தங்கச்சி, முதல்ல அந்த ஏஜென்ட் விஷயம். மாமாவை ஒரு ரூபாகூடக் கட்ட வேண்டாம்னு சொல்லுங்க. கப்பலுக்கு ஆள் எடுக்குற கம்பெனிக்கு மத்திய அரசோட கப்பல் துறை இயக்குநரகமான டிஜி ஷிப்பிங் லைசென்ஸ் வேணும், அதை ஆர்பிஎஸ்எல்னு சொல்லுவோம். லைசென்ஸ் நம்பரை டிஜி ஷிப்பிங் தளத்துலயே சரிபாக்கலாம். வேலை வாங்கித் தர்றேன்னு கப்பல் வேலைக்குப் போறவன்கிட்ட காசு வாங்குறதே சட்டப்படி தப்பு. எங்க தூத்துக்குடியில நிலத்தை வித்துக் கட்டிட்டு, செல்லாத சர்ட்டிபிகேட்டோட நிக்கிற பையன்களைப் பாத்துப் பாத்து மனசு ஆறல.

நேர் வழி இது: இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் 2008-ல வந்தது, தலைமையிடம் சென்னை. அவங்க நடத்துற நுழைவுத் தேர்வு எழுதி உள்ள போகணும். டெக் பக்கம்னா, அதாவது கப்பலை ஓட்டுற பக்கம்னா, மூணு வருஷ பிஎஸ்சி நாட்டிகல் சயின்ஸ், இல்லன்னா டிஎன்எஸ்ங்கிற ஒரு வருஷ டிப்ளமோ. என்ஜின் பக்கம்னா நாலு வருஷ மெரைன் இன்ஜினியரிங். டிஎன்எஸ்ல சேர கம்பெனி ஸ்பான்சர் லெட்டர் வேணும், பிறகு 18 மாசம் கேடட்டா, அதாவது பயிற்சி ஆளா கப்பல்ல இருக்கணும்.

அதுக்கெல்லாம் முன்னாடி தம்பி கண்ணை டெஸ்ட் பண்ணுங்க. டெக் பக்கத்துக்குக் கண்ணாடி இல்லாம பார்வை சரியா இருக்கணும். என்ஜின் பக்கம் ஒரு அளவு பவர் வரைக்கும் கண்ணாடி போடலாம். நிறக்குருடு ரெண்டுக்கும் ஆகாது. இந்த ஒரு டெஸ்டைக் கடைசியில பண்ணிட்டு அழுதவங்க நிறையப் பேர்.

வேலை எப்படின்னா, நான் செகண்ட் ஆஃபீசர். பகல் 12 முதல் 4, ராத்திரி 12 முதல் 4 எனக்கு வாட்ச், அதாவது கண்காணிப்பு டியூட்டி. நடுராத்திரி பிரிட்ஜ்ல, கப்பலை ஓட்டுற அறையில, விளக்கெல்லாம் அணைச்சுத்தான் நிப்போம், வெளிய இருட்டு கண்ணுக்குப் பழகணும்ல. ரேடார் திரை, ஒரு லுக்அவுட், நான். மலாக்கா நீரிணை மாதிரி இடத்துல சுத்திலும் கப்பல், மூச்சு விட நேரமிருக்காது. நடுப் பெருங்கடல்ல மணிக்கணக்கா எதிர்ல ஒண்ணுமே வராது. ரெண்டையும் ஒரே கவனத்தோட பாக்கணும். சம்பளம் நல்ல சம்பளம், ஆனா பெரும்பாலான கம்பெனியில கப்பல்ல இருக்குற மாசத்துக்கு மட்டும்தான். கரையில இருக்குற மாசத்துக்குச் சேத்துத்தான் குடும்பம் திட்டம் போடணும். நல்லது கெட்டதுக்கு வர முடியாது. இதைத் தம்பிகிட்ட மட்டுமில்ல, அப்பா அம்மாகிட்டயும் சொல்லுங்க.

தொழில்நெறி_ஓய்வு | மே 11

மகளே, மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். எங்கள் அலுவலகத்தின் பெயர்ப்பலகையில் 'தொழில்நெறி வழிகாட்டும் மையம்' என்றும் எழுதியிருக்கும். பதிவு செய்யவும் புதுப்பிக்கவும் வருவோர் ஏராளம். அந்த இரண்டாம் பாதிக்காக வருவோர் மிகக் குறைவு. விருதுநகரிலும் மையம் உண்டு. தம்பியை அழைத்துக்கொண்டு போய், பதிவுக்கு அல்ல, ஆலோசனைக்கு வந்திருக்கிறோம் என்று சொல்லுங்கள்.

விசாரிக்கும் முறையைப் பற்றிக் கேட்டீர்கள். ஒவ்வொரு தொழிலுக்கும் மூன்று பேரைத் தேடுங்கள். சேர்ந்து இரண்டு வருடம் ஆனவர் ஒருவர், பதினைந்து வருடம் தாண்டியவர் ஒருவர், அதை விட்டு வெளியேறியவர் ஒருவர். மூன்றாமவரைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அவர் சொல்வது கசப்பாகத்தான் இருக்கும். ஆனால் எதைத் தாங்க முடியாமல் விட்டார் என்பது தெரிந்தால், அதைத் தன்னால் தாங்க முடியுமா என்று பையன் யோசிப்பான்.

கேள்வியை எப்படிக் கேட்பது என்பது முக்கியம். "வேலை எப்படி இருக்கு சார்?" என்று கேட்டால் "பரவாயில்லப்பா, ஓடுது" என்பார். "நேத்து காலையில ஆபீஸ் போனதுல இருந்து என்னென்ன செஞ்சீங்க?" என்று கேளுங்கள். அப்போது உண்மை வரும். எத்தனை மணி நேரம் ஆட்களோடு பேசினார், எத்தனை மணி நேரம் தாளோடு உட்கார்ந்தார், யார் அவரைத் திட்டினார்கள், மதியச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அதில் இருக்கும். சம்பளத்தையும் நேராகக் கேட்க வேண்டாம். "இப்போ புதுசா சேருற பையனுக்கு உங்க கம்பெனியில என்ன கொடுக்கிறாங்க?" என்றால் தயங்காமல் சொல்வார்கள்.

கேட்பது நீங்களாக இருக்கக் கூடாது. தம்பியே கேட்க வேண்டும். நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.

லேப்கோட் | மே 11

ஃபுட் டெக்னாலஜி படிச்சு இப்போ ஒரு மசாலா கம்பெனியில குவாலிட்டில இருக்கேன். புது பிஸ்கட், புது ஐஸ்கிரீம் கண்டுபிடிக்கிற வேலைன்னு தம்பி நினைச்சிருந்தா ஒண்ணு சொல்லணும். அந்த ஆர் அண்ட் டி வேலைக்கு ஆள் கொஞ்சமா எடுப்பாங்க, பெரும்பாலும் பிஜி முடிச்சவங்க. புதுசா வர்றவங்கள்ல நிறையப் பேர் குவாலிட்டியிலயோ புரொடக்‌ஷன்லயோதான் ஆரம்பிப்பாங்க.

என் நேத்தைய நாள்: வந்திறங்கின மல்லி லோடுல சாம்பிள் எடுத்து ஈரப்பதம் பாத்தேன். பேக்கிங் லைன்ல மெட்டல் டிடெக்டர் வேலை செய்யுதான்னு டெஸ்ட் துண்டு போட்டுப் பாத்தேன். மதியத்துக்கு மேல முழுக்க ரெக்கார்ட். அடுத்த வாரம் ஆடிட். ஒரு லோடை ரிஜெக்ட் பண்ணினேன், பர்ச்சேஸ் மேனேஜர் போன் போட்டு சத்தம் போட்டார். அதுக்கு அசையாம நிக்கத் தெரியணும். சாப்பிடுறவங்க நம்மள நம்புறாங்கல்ல, அந்த எண்ணம்தான் என்னை இதுல வச்சிருக்கு.

இன்னொண்ணு, வாசல் எங்க இருக்குன்னு முன்னாடியே தெரியணும். தஞ்சாவூர் நிஃப்டெம் உணவுத் தொழில்நுட்பத்துக்கான மத்திய நிறுவனம், பி.டெக் சேர ஜேஇஇ மெயின் எழுதியிருக்கணும். அது ஜனவரியிலும் ஏப்ரல்லயும் முடிஞ்சு போச்சு. வேளாண் பல்கலைக்கழகத்துல பிளஸ் டூ மார்க்கை வச்சே கவுன்சலிங், அதுக்குத் தனியா விண்ணப்பிக்கணும். டிஎன்இஏ, அதாவது இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்குப் போட்டுட்டோம்னு இருந்துராதீங்க. தம்பிக்குப் பின்னாடி பிளஸ் ஒன்ல இருக்குற பிள்ளைங்ககிட்டயும் இதைச் சொல்லி வைங்க.

நடைமுறை | மே 11

எல்லாரும் நல்லதுதான் சொல்றீங்க. எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. மூணு பேரைத் தேடு, ஒரு நாள் உக்காரு, பிடிக்குதான்னு பாருங்கிறது வசதி இருக்குற வீட்டுக்குச் சரி. அப்பா தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்கு எழுதுற வீட்ல பையன் நாலு வருஷத்துல சம்பாதிக்கணும். எது சீக்கிரம் காசு தருமோ அதைப் படிக்கட்டும். பிடிக்கிறது அப்புறம் தானா வரும். எங்க தலைமுறை அப்படித்தான் முன்னேறுச்சு. ஐடி இல்லன்னா எங்க தெருவுல பாதி வீடு இன்னும் ஓட்டு வீடுதான்.

கோவை_ஃபவுண்டரி | மே 11

நடைமுறை அண்ணா, நீங்க சொல்ற கஷ்டம் எனக்குத் தெரியுமுங்க, நானும் அந்த மாதிரி வீடுதான். ஆனா காசு இல்லாத வீட்டுக்குத்தானுங்க விசாரணை அதிகமா வேணும். வசதியான பையன் ரெண்டாம் வருஷம் விட்டுட்டு வேற சேரலாம். நம்ம பையன் கடனை வாங்கிட்டு எங்கங்க போவான்?

கணக்கே போட்டுப் பாருங்க. 4 லட்சம் கல்விக் கடன், 10 சதவீத வட்டி, பத்து வருஷத் தவணைன்னா மாசம் சுமார் 5,300 ரூபா. படிக்கிற காலத்து வட்டியையும் அசலோட சேத்தா இன்னும் ஏறும். அந்தக் காலேஜ்ல அந்தப் பிராஞ்ச் முடிச்ச பையன் மொத மாசம் என்ன வாங்குறான்னு தெரியாம இதுல கையெழுத்துப் போடலாமுங்களா?

சீக்கிரம் சம்பாதிக்கணும்னா அதுக்கும் வழி இருக்குதுங்க. டிப்ளமோ, ஐடிஐ முடிச்சு அப்ரன்டிஸா போறது. 1961-ம் வருஷச் சட்டம், உதவித்தொகை உண்டு. பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை, திருச்சி பெல் எல்லாம் அப்ரன்டிஸ் எடுக்குறாங்க. எங்க பட்டறையில இன்னிக்கு சிஎன்சி (கம்ப்யூட்டர்ல இயங்குற மெஷின்) புரோகிராம் போடத் தெரிஞ்ச டிப்ளமோ பையனைத் தேடித்தான் அலையுறோம்.

அக்கா, நீங்க ஆஃப்செட் பிரஸ்ல வேலை பாக்குறீங்க. தம்பியை ஒரு நாள் அங்க கூட்டிட்டுப் போய்க் காட்டியிருக்கீங்களா? சிவகாசிக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு அச்சுத் தொழில் அந்த நாலு பேச்சுலயும் வரவே இல்லையேன்னு கேக்குறேன். கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்ல பிரின்டிங் அண்ட் பேக்கேஜிங் டெக்னாலஜின்னு ஒரு பிராஞ்சே இருக்குதுங்க.

கணக்கு_டீச்சர் | மே 12

அரசு உதவி பெறும் பள்ளியில் மேல்நிலை வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். இரண்டு விஷயம்.

கைரேகையை ஸ்கேன் செய்து உங்கள் பிள்ளை டாக்டரா இன்ஜினியரா என்று சொல்கிறோம் என ஒரு வியாபாரம் பள்ளிகளில் நடக்கிறது. டிஎம்ஐடி என்பார்கள். ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். விரல் ரேகைக்கும் ஒரு பிள்ளையின் திறமைக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு அறிவியல் ஆதாரம் எதுவும் இல்லை. தயவுசெய்து ஏமாறாதீர்கள். ஆர்வத்தை அளக்கும் கேள்வித்தாள்கள் வேறு. கையால் செய்யும் வேலையா, ஆட்களோடு பழகும் வேலையா, எண்ணோடு உட்காரும் வேலையா என்று பிரித்துக் காட்டும். பேச்சைத் தொடங்க அது உதவும், அதையே முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்தது கல்லூரி. வாசலில் வைக்கும் ஃப்ளெக்ஸில் ஒரே ஒரு மாணவர் வாங்கிய அதிகபட்ச சம்பளம்தான் இருக்கும். 2016 முதல் என்ஐஆர்எஃப் என்ற மத்திய அரசின் கல்லூரித் தரவரிசை வெளியாகிறது. அதில் பங்கேற்கும் ஒவ்வொரு கல்லூரியும் கொடுத்த விவரத்தைப் பிடிஎஃப் ஆகவே எடுத்துப் பார்க்கலாம். சேர்ந்தவர் எத்தனை, உரிய காலத்தில் முடித்தவர் எத்தனை, வேலை கிடைத்தவர் எத்தனை, மேற்படிப்புக்குப் போனவர் எத்தனை, சம்பளத்தின் நடுமதிப்பு என்ன என்று இருக்கும். நடுமதிப்பு என்றால் வேலை கிடைத்தவர்களில் பாதிப் பேர் அதற்குக் கீழேதான் வாங்குகிறார்கள். சேர்ந்தவர் எண்ணிக்கையையும் முடித்தவர் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், அந்த இடைவெளி நிறையச் சொல்லும். கல்லூரியே கொடுத்த கணக்கு என்பதால் அதையும் பழைய மாணவர்களிடம் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். லிங்க்ட்இன் தளத்தில் கல்லூரிப் பக்கத்துக்குப் போய் அலும்னி என்ற பகுதியைத் திறந்தால், முடித்தவர்கள் எந்த ஊரில், எந்தக் கம்பெனியில், என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று தெரியும்.

எக்ஸ்ரே_அறை | மே 12

பயோ-மேத்ஸ் பையனுக்கு நீட் இல்லாம ஹாஸ்பிடல் வேலை இருக்குன்னு யாருமே சொல்லலையே! நான் ரேடியோகிராஃபர். நைட் டியூட்டி உண்டு, விபத்து கேஸைப் பாக்குற மனசு வேணும், கதிர்வீச்சு அளக்குற பேட்ஜ் எப்பவும் சட்டையில இருக்கும். வலியோட வர்றவங்களைத் திருப்பிப் படுக்க வைக்கிறதுதான் வேலையில பாதி. மெஷின் இயக்குறது மீதி. விசாரிக்கணும்னா கேளுங்க சகோதரி, எழுதுறேன்.

நடைமுறை | மே 12

ஃபவுண்டரி தம்பி சொன்ன கடன் கணக்கை ஒத்துக்கிறேன். அது நியாயம்தான். இருந்தாலும் விசாரிக்கிறேன் விசாரிக்கிறேன்னு ஒரு வருஷத்தை வீணாக்கக் கூடாது. தேதி முக்கியம்.

வைப்பாற்றங்கரை | மே 24

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்றேன்.

கண் டெஸ்ட் முதல்ல பண்ணினோம். நிறமெல்லாம் சரி. ஆனா அவனுக்குக் கிட்டப்பார்வை இருக்குன்னு அப்பத்தான் தெரிஞ்சுது, கண்ணாடி எழுதிக் கொடுத்தாங்க. டெக் இல்லன்னு ஆயிருச்சு. மாமாகிட்ட லைசென்ஸ் நம்பர் கேட்டோம். ஏஜென்ட் அதுக்கப்புறம் போனே எடுக்கல. கப்பலடி அண்ணே, அப்பா உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்.

ஆடிட்டர் ஆபீஸ்ல ஒரு நாள் உக்காந்தான். சாயங்காலம் வந்து "எல்லாரும் நல்லாப் பேசுனாங்க, ஆனா மதியத்துக்கு மேல மணியைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்"னு சொன்னான். அங்க ஆர்டிகிள்ஷிப் பண்ற பொண்ணுகிட்ட அவனே "நேத்து என்ன செஞ்சீங்கக்கா"ன்னு கேட்டிருக்கான். ஐயா சொன்ன மாதிரி மடை திறந்த மாதிரி பேசிச்சாம்.

எங்க பிரஸ்ல முதலாளிகிட்ட கேட்டு உள்ள விட்டேன். நாலு கலர் ஆஃப்செட் மெஷின்ல காலண்டர் ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஆபரேட்டர் அண்ணன் ஒரு தாளை உருவி, ஓரத்துல இருக்குற கூட்டல் குறியை லென்ஸ் வச்சுப் பாத்தார். நீலம் ஒரு மயிரிழை விலகியிருந்துச்சு. கன்சோல்ல ஒரு பட்டனை அழுத்தி, அடுத்த தாளை உருவி மறுபடி பாத்தார். இவன் அந்த லென்ஸை வாங்கிப் பாத்தவன் திருப்பிக் கொடுக்கவே இல்ல. தண்ணியும் மையும் ஏன் ஒண்ணாக் கலக்காது, பேப்பர் ஈரம் குடிச்சா ஏன் நீளுது, ஆர்ட் பேப்பர்ல ஏன் கலர் வேற மாதிரி தெரியுதுன்னு கேள்வி மேல கேள்வி. ஷிஃப்ட் முடிஞ்சும் வரல. நான் தினமும் அந்த மெஷினைத் தாண்டித்தான் சீட்டுக்குப் போறேன்.

பதினைந்து வருஷக்காரர்னு அந்த ஆபரேட்டர் அண்ணன்கிட்டயே பேசினான். விட்டுட்டுப் போனவர் ஒருத்தர், இப்போ ஜெராக்ஸ் கடை வச்சிருக்கார். காலண்டர் சீசன் முடிஞ்சா ஆர்டர் படுத்துரும், சின்ன பிரஸ்ல சம்பளம் ஏறாது, பேக்கேஜிங் பக்கம் போனாதான் வருஷம் முழுக்க வேலைன்னு சொன்னார். அதையும் அவன் நோட்டுல எழுதி வச்சிருக்கான். இப்போதைக்கு பிரின்டிங் அண்ட் பேக்கேஜிங், அதுக்கடுத்து மெக்கானிக்கல், வேளாண் பல்கலைக்கழகத்துல ஃபுட் டெக்னாலஜி. மூணுக்கும் வழி திறந்து வைக்கலாம்னு இருக்கோம். சித்தப்பா இன்னும் கம்ப்யூட்டர் சயின்ஸ்லயே நிக்கிறார். கிண்டியில இந்த கட் ஆஃபுக்குக் கிடைக்குமான்னு தெரியல, யாராச்சும் சொல்லுங்க. முதல் பட்டதாரி சலுகை தம்பிக்கு வருமா?

கோவை_ஃபவுண்டரி | மே 24

போன வருஷக் கடைசி கட் ஆஃப் காலேஜ் வாரியா, பிராஞ்ச் வாரியா, சமூகப் பிரிவு வாரியா டிஎன்இஏ தளத்துல இருக்குமுங்க. உங்க பிரிவுக்கு நேரா என்ன இருக்குதுன்னு பாருங்க. சாய்ஸ் போடுறப்ப கிடைக்காதுன்னு நினைச்சு கிண்டியை விட்டுறாதீங்க. ஆசைப்படுறதை மேல வச்சு வரிசையா இறங்குங்க, மேல போட்டதால கீழ இருக்குறது ஒண்ணும் போயிராதுங்க. சித்தப்பாவையும் ஒரு நாள் பிரஸ்ஸுக்குக் கூட்டிட்டுப் போங்க.

தொழில்நெறி_ஓய்வு | மே 25

மகளே, முதல் பட்டதாரி சலுகை குடும்பத்தில் பட்டதாரியே இல்லாதவர்களுக்கு. நீங்கள் பட்டம் பெற்றுவிட்டதால் தம்பிக்கு அது வராது. ஆனால் அவன் அரசுப் பள்ளி மாணவன். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. 2021 முதல் பொறியியல், வேளாண்மைப் படிப்புகளுக்கும் அது பொருந்தும். அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அதற்குத் தனித் தரவரிசை என்பதால், பொதுப் பட்டியலின் கட் ஆஃபை மட்டும் பார்த்து மனம் தளர வேண்டாம். எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கு விண்ணப்பிக்கலாம்.

ஆறாம் வகுப்பிலிருந்து எந்தெந்தப் பள்ளியில் படித்தான் என்பதற்குத் தலைமையாசிரியர் சான்று வேண்டும். நடுவில் பள்ளி மாறியிருந்தால் அங்கும் போய் வாங்க வேண்டியிருக்கும். விடுமுறையில் தலைமையாசிரியரைப் பிடிப்பது சிரமம், நாளைக்கே போன் செய்து எந்த நாளில் பள்ளியில் இருப்பார் என்று கேட்டுவிடுங்கள். சாதிச் சான்றும் வருமானச் சான்றும் கையில் இருக்கின்றனவா?

வைப்பாற்றங்கரை | மே 25

சாதிச் சான்று இருக்குங்க ஐயா. வருமானச் சான்று பழசு, நாளைக்கு இ-சேவை மையத்துல போடுறோம். எட்டாவது வரைக்கும் எங்க ஊர்ப் பள்ளிக்கூடம், ஒன்பதுல இருந்து சாத்தூர். ரெண்டுமே அரசுப் பள்ளிதான். ரெண்டு ஹெட்மாஸ்டருக்கும் தம்பியே போன் பண்ணிட்டான்.